அந்த உயிர்கள் எங்கிருந்து வந்தன

திரையில் இரண்டு பேர் ஓடுவார்கள். இருவரும் சட்டை போடாதவர்கள், இருவர் கையிலும் துப்பாக்கி. ஒருவனுக்கு நீலக் கால்சட்டை, இன்னொருவனுக்குச் சிவப்பு. நீங்கதான் நீலம் என்று என் மனைவி ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எனக்கு அது குழம்பிவிடும். இருவரும் ஒரே மாதிரி குதிப்பார்கள், காற்றில் ஒரே மாதிரி சுருண்டு உருளுவார்கள், குண்டு பட்டால் ஒரே மாதிரி மல்லாந்து விழுவார்கள். நான் சிவப்புக் கால்சட்டைக்காரனை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்துவேன். அவன் பள்ளத்தைத் தாண்டியதும் நிம்மதியாக மூச்சு விடுவேன்.

"அது நான்," என்பாள் மனைவி. "நீங்க அப்பவே பள்ளத்துல போய்ட்டீங்க."

இதைச் சிரிப்புக்காக எழுதவில்லை. இந்தக் குழப்பத்தில் நான் ஒரு தவறு செய்தேன். செய்துகொண்டிருக்கிறேன் என்பதே தெரியாமல் பல வாரங்கள் செய்தேன். அதன் விளைவு என் மனைவியின் வலது கையில் விழுந்ததா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. தெரிந்தவரை எழுதிவைக்கிறேன்.

நான் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் சொல்வதை மலாயிலும் ஆங்கிலத்திலும், அங்கே மற்றவர்கள் சொல்வதை அவர்களுக்குத் தமிழிலும் எடுத்துச் சொல்வது என் வேலை. பிறந்தது ஜோகூரில், ரெங்கம் பக்கத்து எஸ்டேட்டில். வேலை என்னை மூவாருக்குக் கொண்டுவந்தது, அப்படியே தங்கிவிட்டோம். என் மனைவி இங்கே ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை செய்தாள். சாயம் பூசும் முன் மேசைப் பலகைகளின் மேல் உள்ளங்கையை ஓடவிட்டு, எங்கே இன்னும் தேய்க்க வேண்டும் என்று சொல்லும் வேலை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இராது. பேசிக்கொண்டே எங்கள் சாப்பாட்டு மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருக்கும்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒருநாள் காலை, தேநீர் ஊற்றும்போது கோப்பை அவள் கையிலிருந்து நழுவியது. எடுக்கக் குனிந்தவளுக்கு எடுக்க வரவில்லை. ஸ்ட்ரோக் என்றார்கள். பேச்சு சீக்கிரம் திரும்பியது, காலும் தேறியது. வலது கை மட்டும் பின்தங்கியது. விரல்கள் விரிந்தன, மடங்கின. கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களைத் தேடி வரவில்லை. வேறு யாருடையதோ போல ஓரமாக நின்றது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த மலாய்ப் பெண்ணுக்கு எங்கள் மகளின் வயதுகூட இராது. முதல் சில மாதங்கள்தான் முக்கியம் என்று அவள் சொன்னாள். அதற்குள் கட்டைவிரலை எவ்வளவு வேலை வாங்குகிறோமோ அவ்வளவு திரும்பி வரும், அதன்பிறகு வருவது மெதுவாகத்தான் வரும் என்றாள். என் மனைவி தலையாட்டிக்கொண்டாள். திரும்பி வரும்போது வண்டியில் சொன்னாள்: "எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம். என் கொண்டைய நானே போட்டுக்கணும். அது போதும்."

அப்போது அவளுக்குத் தலை வாரிவிட்டது நான்தான். எனக்கு அது வரவில்லை. எவ்வளவு சுற்றினாலும் முடி என் விரல்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு போகும். கடைசியில் ஒரு ரப்பர் பேண்டைப் போட்டு இறுக்கிவிடுவேன். கண்ணாடியில் பார்ப்பாள். "கொண்டையா இது. தே பொங்குஸ் கட்டுன மாதிரி இருக்கு," என்பாள். கடையில் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுப்பார்களே, அதைச் சொல்கிறாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அந்தக் கொண்டையோடு நாலு பேர் முன்னால் நிற்க அவளுக்கு மனமில்லை.

பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தும் களிமண் போன்ற உருண்டையும் இழுப்பறைக்குப் போயின. உட்கார்ந்து பந்தை அமுக்குவது அவளுக்குச் சலித்தது. இதைக் கேள்விப்பட்ட மகள், அவள் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் ஒரு கடையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை வாங்கிவந்தாள். டிவியில் மாட்டினால் நூற்றுக்கணக்கான பழைய வீடியோ விளையாட்டுகள் வரும். வயர் வைத்த இரண்டு கையடக்கக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள். இடது கட்டைவிரல் ஆளை நகர்த்தும், வலது கட்டைவிரல் சுடும், குதிக்கும். பயிற்சிக்காரப் பெண்ணிடம் படம் எடுத்துக் காட்டினோம். மிக நல்லது, ஆனால் கட்டைவிரலால்தான் அழுத்த வேண்டும், வேறு விரலை உதவிக்குக் கூப்பிடக்கூடாது என்றாள்.

என் மனைவி அந்த வரிசை முழுவதையும் பார்த்துவிட்டு, ஓடிக்கொண்டே சுடும் அந்த விளையாட்டைத் தேர்ந்தெடுத்தாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பழம் அடுக்குவது, பந்து தட்டுவது என்று சாதுவான விளையாட்டுகள் எத்தனையோ இருந்தன. ஏன் இது என்று கேட்டேன்.

"இதுலதான் ரெண்டு பேரும் ஒண்ணா விளையாடலாம். மத்ததுல மாத்தி மாத்தி விளையாடணும். என் மொற வர்றதுக்குள்ள நீங்க தூங்கிடுவீங்க."

அது ஈவிரக்கம் இல்லாத விளையாட்டு. ஒரு குண்டு பட்டால் போதும், ஆள் செத்தான். ஆளுக்கு மூன்று உயிர். மூன்றும் போனால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஆட்டம் ஒரு காட்டில் தொடங்கும், முதல் வாரங்களில் நாங்கள் அதைத் தாண்டியதே இல்லை. எங்கிருந்து சுடுகிறார்கள் என்று நான் தேடுவதற்குள் என் ஆள் கிடப்பான். அவளோ மெல்ல மெல்ல அந்தக் காட்டைப் பழகிக்கொண்டாள். இந்த மரத்தைத் தாண்டினால் மேலேயிருந்து ஒருவன் வருவான், இந்தப் பாலத்தில் நின்றால் பாலம் வெடிக்கும் என்று முன்கூட்டியே சொல்வாள். அவள் கட்டைவிரல் முதலில் பட்டனின் மேல் சும்மா படுத்துக் கிடந்தது. பிறகு தட்டியது. பிறகு அழுத்தியது. நான் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த விரலை ஓரக்கண்ணால் பார்ப்பேன். நான் சாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒருநாள் அவள் கட்டைவிரலை வளைத்து ஆள்காட்டி விரலைத் தொட்டுக் காட்டினாள். சில நாள் கழித்து நடுவிரலை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மோதிர விரலையே தொட்டுவிட்டாள். பயிற்சிக்காரப் பெண் கைதட்டினாள். வெளியே வந்ததும் என் மனைவி தலையின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

அந்தத் தவறு இதற்குப் பிறகுதான் தொடங்கியது. விளையாட்டில் நான் எப்போதும் முதலில் செத்துவிடுவேன். மிச்சத்தை அவள் தனியாக ஓடுவாள். "நீங்க போனப்புறம்தான் ஸ்கிரீன் நல்லா ஓடுது," என்று கிண்டல் செய்வாள். உண்மைதான். ஒருவர் பின்தங்கினால் திரை முன்னால் நகராது, நான்தான் அவளைப் பிடித்து வைத்திருந்தேன். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் கூச்சமாக இருந்தது. ஒருநாள் மாலை, அவள் குளிக்கப் போயிருந்தபோது மகளுக்குப் போன் செய்தேன். செத்துப்போனபின் அதே ஆட்டத்தில் திரும்பி வர வழி உண்டா என்று கேட்டேன்.

அவள் வேலை முடிந்து பாலத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். ஜோகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே அந்த நேரத்துச் சத்தம் எப்படி இருக்கும் என்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். அதோடு என் காதும் சரியில்லை. "இருக்குப்பா," என்றாள். அதன்பின் என் காதில் விழுந்தது இவ்வளவு: "அம்மாக்கு மிந்தி... அந்த வலது பட்டன அழுத்துங்க. ஆள் வந்துரும்."

மிந்தி என்றால் முந்தி. எஸ்டேட்டில் வளர்ந்த என் வாயில் அது அப்படித்தான் வரும், மகளுக்கும் அதே பழக்கம். அம்மாவுக்கு முன்னால் அழுத்த வேண்டும். அதாவது வேகம் வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை விளங்காவிட்டால் கோர்ட்டில் நான் எல்லாரையும் நிறுத்திவைத்து, திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்பேன். மாஜிஸ்திரேட்கூடக் காத்திருப்பார். வீட்டில் அப்படிக் கேட்டால் பேச்சு என் காதுக்குப் போகும், காதிலிருந்து செவிக்கருவிக்குப் போகும். ஆகவே சரிம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் என் மூன்று உயிரும் போனதும் வலது பட்டனை வேகமாக அழுத்தினேன். மேலேயிருந்து ஓர் ஆள் வந்து குதித்தான். நான்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"வந்துட்டேன்ல," என்றேன்.

அவள் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த நொடியில் அவள் ஆளுக்கும் குண்டு பட்டது. அவள் மறுபடி திரையைப் பார்த்தாள்.

அதன்பிறகு நான் சாவதைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டேன். செத்ததும் பட்டன், உடனே புது ஆள். இயந்திரம் எனக்கு உயிர் கொடுத்துக்கொண்டே இருந்தது என்று நம்பினேன். ஏன் கொடுக்கிறது, எத்தனை கொடுக்கும் என்று ஒருதரம்கூட யோசிக்கவில்லை. நான் கவனித்தது வேறொன்று. திரையின் மேல் மூலைகளில் யாருக்கு எத்தனை உயிர் மிச்சம் என்று சின்னச் சின்ன அடையாளங்கள் இருக்கும். வலது மூலை அவளுடையது. அது முன்பைவிடச் சீக்கிரம் காலியாகத் தொடங்கியது. முன்பு காட்டைத் தாண்டி அருவிவரை போனவள், இப்போது பாலத்திலேயே முடிந்துவிட்டாள். திரையில் யாரோ அடிக்கடி செத்து விழுந்தார்கள். அது சிவப்பா நீலமா என்பது எனக்குப் பிடிபடவில்லை. நான்தான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தேனே, ஆகவே சாவது அவளாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அவள் கை பின்னுக்குப் போகிறது என்பது நான் அடுத்து எட்டிய முடிவு.

இதை அவளிடமே சொன்னேன். அன்பாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன். "மிந்தி மாதிரி அழுத்த மாட்டேங்குறே. கொஞ்சம் கவனம் வை," என்றேன். ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் விசாரித்தபோது, பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன்: "அம்மா கை சரியா வரல போல. மொத மாதிரி இல்ல. பின்னாடி போவுது."

மனைவி எழுந்தாள். தன் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வயரை இடது கையால் சுற்றி, டிவிக்குக் கீழே வைத்தாள். கை வலிக்கிறது என்றாள். அடுத்த நாளும் வலிக்கிறது என்றாள். அதற்கடுத்த நாள் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்த வாரங்களில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. வலி என்றால் மாத்திரை கேட்க வேண்டும், கேட்கவில்லை. கோபம் என்றால் சாப்பாட்டில் தெரியும், சாப்பாடு எப்போதும் போல வந்தது. இடது கையால் நறுக்கியதால் காய்கள் மட்டும் பெரிது பெரிதாக இருந்தன. மத்தியானம் முன்வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்த்தாள். இழுப்பறையிலிருந்த பந்தை எடுத்து மேசையில் வைத்தேன். அது அப்படியே இருந்தது. அவள் மனம் தளர்ந்துவிட்டது, இந்த நோய்க்கு அப்படி ஆகும் என்று எங்கோ படித்ததை மகளிடம் சொன்னேன். மகள் பயந்துபோனாள். காலையில் எழும்போது என் மனைவியின் வலது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடந்தது. அவள் அதை இடது கையால் பிரித்துவிடுவாள். நான் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன்.

அவளை எப்படியாவது இழுக்க வேண்டும் என்று ஒரு யோசனை செய்தேன். நான் தனியாக விளையாடினால், நான் செய்யும் கூத்தைப் பார்க்க முடியாமல் வந்து பெட்டியைப் பிடுங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு ஆரம்பித்தேன். அவள் வாசலிலிருந்து திரும்பவில்லை. என் மூன்று உயிரும் வழக்கம்போல் போயின. பட்டனை அழுத்தினேன். யாரும் வரவில்லை. இன்னும் வேகமாக அழுத்தினேன். ஆட்டம் முடிந்தது என்று திரை சொன்னது.

பட்டன் தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி ஆடினேன். வரவில்லை. அவளுடைய பெட்டியை எடுத்து ஆடினேன். அதிலும் வரவில்லை. மகளுக்குப் போன் செய்து, பெட்டி ரோசாக் ஆகிவிட்டது, கெட்டுப்போய்விட்டது, கடையில் மாற்ற முடியுமா என்று கேட்டேன். அன்று அவளுக்கு விடுமுறை, வீட்டில் இருந்தாள். போன் தெளிவாகக் கேட்டது.

"தனியாவா விளையாடுறீங்க?"

"ஆமா. பட்டன் வேல செய்ய மாட்டேங்குது."

"அலமாக். தனியா விளையாடுனா யாருகிட்டப்பா மிந்தா பண்ணுவீங்க? அம்மா கூட விளையாடுனாதான அம்மா நியாவாவ எடுக்க முடியும்?"

இந்த முறை நான் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். நியாவா என்றால் உயிர், அதை இயந்திரம் யாருக்கும் சும்மா கொடுக்காது. உயிர் தீர்ந்தவர் பட்டனை அழுத்தினால், கூட விளையாடுபவரிடம் மிச்சமிருக்கும் உயிர்களில் ஒன்று குறைந்து இவருக்கு வரும். அதனால்தான் அன்று பஸ்ஸிலிருந்தே சொன்னாளாம்: அம்மாக்கிட்ட மிந்தா பண்ணி அழுத்துங்க என்று.

மிந்தா என்பது மலாய். கேட்பது, வேண்டிக்கொள்வது. கோர்ட்டில் நான் அதிகமாகக் கேட்ட வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். தவணை கேட்டார்கள், ஜாமீன் கேட்டார்கள், கருணை கேட்டார்கள், எல்லாவற்றிலும் அந்த வார்த்தை வரும். அதையெல்லாம் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றிக் கொடுத்தே நான் குடும்பம் நடத்தினேன். என் மகள் அம்மாவைக் கேட்டுவிட்டு எடுங்கள் என்றாள். நான் அம்மாவுக்கு முன்னால் எடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எடுத்தேன்.

வலது மூலை சீக்கிரம் காலியானது ஏன் என்று இப்போது தெரிந்தது. திரையில் அடிக்கடி செத்தது யார் என்றும் தெரிந்தது. அவள் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் அவள் உயிர்களைச் செலவழித்துவிட்டு, அவளுக்கு விளையாட வரவில்லை என்று அவள் முகத்துக்கு நேரே சாட்சி சொல்லியிருக்கிறேன்.

அவள் அறையில் கட்டிலில் உட்கார்ந்து ஒற்றைக் கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். "ஒன் நியாவாவத்தான் எடுக்குறேன்னு எனக்குத் தெரியாது."

அவள் ஒரு துண்டை மடித்து முடித்தாள். "தெரியாமத்தான் அவ்வளவு சந்தோசமா வந்துட்டேன்லன்னீங்களா?"

"மெசின் குடுக்குதுன்னு நெனச்சேன்."

"மெசின் எதுக்கு ஒங்களுக்குச் சும்மா குடுக்கணும்?"

மகள் போனில் சொன்னதையும் நான் கேட்டுக்கொண்டதையும் விளக்கினேன். மிந்தா, மிந்தி என்று இரண்டு வார்த்தைகளையும் சொல்லிக் காட்டினேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. முதலில் கொஞ்சம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏன் சொல்லல நீ?" என்றேன்.

"எடுத்தீங்க, போவட்டும்னு விட்டேன். எடுத்துட்டு, என் கை சரியில்லன்னு மககிட்ட சொன்னீங்க பாருங்க." அவள் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "நீங்க எடுக்குறது எனக்குத் தெரியும். கண்ணு முன்னால கொறையுதே. ஆனாலும் நீங்க சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நெசமாவே கை போவுதோன்னு. அப்புறம் அந்தப் பட்டன தொடவே பயமா இருந்துச்சு."

நான் எதிர்பார்த்தது கோபம். பயம் என்று அவள் சொன்னது எனக்கு உறைக்க நேரமாயிற்று. தன் கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு என் வார்த்தையை ஏன் நம்பினாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எது என்ன என்று எடுத்துச் சொல்பவன் எப்போதும் நானாகத்தான் இருந்தேன்.

"இதாவது கேட்டு எடுத்துருக்கலாம்," என்றாள் அவள்.

இதாவது. அந்த ஒரு வார்த்தையில் நான் நின்றுவிட்டேன். இதாவது என்றால் கேட்காமல் எடுத்தவை வேறும் இருக்கின்றன. வேறு என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. நிக்கிறதுக்கு அந்த வேட்டிய மடிங்க," என்றாள். மடித்தேன். அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். தொழிற்சாலையில் அவளை இரவு ஷிப்டுக்கு மேற்பார்வைக்குப் போடுவதாகச் சொன்னபோது, வேண்டாம் என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அதுவா? தங்காக்கில் அவள் அக்கா இருந்த தெருவிலேயே ஒரு வீடு வந்தபோது, கோர்ட்டுக்குத் தூரம் என்று தட்டிவிட்டேன். அதுவா? ஒருநாள் ஒன்று சரியென்று படுகிறது, மறுநாள் இன்னொன்று. அவளிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். அதையெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் என்கிறாள். மறந்தது நிஜமா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பயிற்சிக்காரப் பெண் என் மனைவியின் கட்டைவிரலைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தொடச் சொன்னாள். ஆள்காட்டி விரல், சரி. நடுவிரலைத் தொட்டது, நடுக்கத்தோடு. மோதிர விரலுக்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்டது. போன முறை தொட்டீர்களே ஆன்ட்டி, இடையில் விட்டுவிட்டீர்களா என்று கேட்டாள்.

என் மனைவி சிரித்துக்கொண்டு மலாயில் சொன்னாள், மெசின் ரோசாக், அடிக் என்று. தங்கச்சி, பெட்டி கெட்டுப்போச்சு.

அவள் எனக்காகப் பொய் சொல்கிறாள் என்பது புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் பேசாமல் இருக்க முடியவில்லை. பெட்டி கெடவில்லை, நான்தான் காரணம் என்று மலாயில் ஆரம்பித்தேன். உயிர், பட்டன், பஸ் சத்தம், நான் தவறாகக் கேட்ட வார்த்தை எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் முதலில் கண்களை விரித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்ன வயதில் என் அண்ணனும் இப்படித்தான் எடுப்பான், அழுதிருக்கிறேன் அங்கிள் என்றாள். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. நான் எதற்காகச் சொன்னேனோ அது அவளிடம் போய்ச் சேரவில்லை.

ஆகவே நேராகவே கேட்டேன். விரல் பின்னுக்குப் போனது இடையில் விட்டதாலா? இருக்கலாம் அங்கிள், வேறு காரணமும் இருக்கலாம் என்றாள். விடாமல் செய்திருந்தால் இப்போது எந்த விரலைத் தொட்டிருக்கும்? சொல்ல முடியாது, ஒவ்வொரு கையும் ஒவ்வொரு மாதிரி. அந்த வாரங்கள் போனது போனதுதானா, இனிமேல் ஈடுகட்ட முடியுமா? மெதுவாக வரும், வராமலும் போகலாம், செய்துகொண்டே இருங்கள். வக்கீல்கள் ஒரே கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்பார்களே, அப்படிக் கேட்டேன். பதில் மாறவில்லை. மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்க. கோர்ட்டு இல்ல இது."

அன்று சாயங்காலமே அவள் டிவிக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். வயரைப் பிரித்து மாட்டச் சொன்னாள். மாட்டினேன். ஆரம்பிக்கும் முன் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"இனிமே நீங்க முன்னால ஓட வேணாம், எதையும் சுட வேணாம். என் பின்னால வந்துகிட்டு, சாகாம இருங்க. எனக்குத் தேவப்பட்டா நான் எடுத்துக்குறேன்."

"கேட்டுட்டு எடுப்பியா?"

"மாட்டேன்."

அப்படித்தான் இப்போது விளையாடுகிறோம். சாகாமல் இருப்பது சுடுவதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. ஒளிய வேண்டும், படுக்க வேண்டும், அவள் நகரும்போது நகர வேண்டும். பின்தங்கிவிட்டால் அவளுக்குத் திரை ஓடாது. அவள் முன்னால் போய் வழியைத் துப்புரவு செய்கிறாள், நான் அந்த வழியில் போய் எதிலாவது முட்டிச் சாகிறேன். அவள் தன்னுடையதை முடித்ததும் கட்டைவிரல் பட்டனைத் தேடி மெல்ல வளைகிறது. சில நாள் உடனே அழுத்திவிடுகிறது. சில நாள் பட்டனின் மேல் நின்று நடுங்குகிறது. நான் உதவிக்குக் கையை நீட்டக்கூடாது. அழுத்தியதும் என் பக்கம் ஒன்று குறைகிறது. என் உயிர் குறைவதைப் பார்த்து மனம் லேசாவது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அப்படித்தான் ஆகிறது.

மோதிர விரலை இப்போது தொட்டுவிட்டாள். சுண்டு விரலுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அது வருமா என்று யாரும் சொல்லவில்லை. நேற்று அருவிக்கு மேலே, பெரிய இரும்புக் கதவு ஒன்றின் முன்வரை போனோம். இதுவரை நாங்கள் பார்த்திராத இடம். அங்கே அவள் ஆள் விழுந்தான். அவள் பட்டனை அழுத்தினாள். விரல் தடுமாறவில்லை, ஒரே அழுத்தில் அழுத்தியது. ஆள் வரவில்லை. இன்னொரு முறை அழுத்திவிட்டு மூலையைப் பார்த்தாள். என்னுடையது எல்லாம் தீர்ந்திருந்தது. அவள் எடுத்தது ஒன்று, மற்றதை நானே கீழே அருவியில் தொலைத்திருந்தேன்.

"அவ்வளவு தூரம் வந்து," என்று அலுத்துக்கொண்டாள். "ஒண்ணாவது மிச்சம் வச்சிருக்கக் கூடாதா?"

நாளைக்கு வைக்கிறேன் என்றேன்.